தெருநாய் உள்ள தெருவுக்குக் குடிபோகிறீர்களா? கடிபடும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

புது வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம் என்னை நாய் கடித்தது. இடது கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. கடி வாங்கியது அரை நிமிட வேலை. அதற்குப் பிறகு அலைந்தது ஒரு மாதம். முதலில் போன கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி போட்டு, காயத்தைத் தைத்து, "சின்னக் கடிதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள், செவிலியராக இருக்கும் என் சித்தி போனில் "சீரம் போட்டாங்களா?" என்று கேட்டார். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமியை எதிர்க்கும் பொருளை நேரடியாகக் காயத்தில் செலுத்தும் மருந்து அது, தடுப்பூசி வேறு. அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் தேடி மூன்று மருத்துவமனை ஏறி இறங்கினேன். நடுவில் ஊசி அட்டையையும் தொலைத்தேன்.

நீங்கள் அப்படி அலைய வேண்டாம். நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே கடிபட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்கள் மற்றதெல்லாம் விட்டுவிட்டு நேராக 6-ஆம் பகுதிக்குப் போங்கள்.

1. முதல் வாரம்: எது எந்த இடத்து நாய்?

புதிதாக வந்தவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே நாய்க்கூட்டமாகத் தெரியும். பகலில் நாலைந்து நாள் நின்று கவனியுங்கள். தெருவின் ஒவ்வொரு துண்டையும் ஒரு சிறு கூட்டம் தன்னுடையதாக வைத்திருக்கும். ஒரு மின்கம்பம் வரை ஒரு கூட்டம், அதைத் தாண்டினால் இன்னொன்று. அந்த எல்லையில்தான் குரைப்பும் துரத்தலும் அதிகம். எது முன்னால் வருகிறது, எது வண்டியைத் துரத்துகிறது, எது பயந்து ஒதுங்குகிறது, எது நொண்டுகிறது என்று பார்த்து வையுங்கள். உங்கள் வாசனையும் நடையும் பழகும்வரை அவற்றுக்கு நீங்கள் அந்நியர். அதனால் முதல் சில நாட்கள் வெளிச்சத்தில், ஒரே பாதையில், நிதானமாக நடந்து போய்வாருங்கள். நாய்களுக்குப் பழக்கமான ஒருவருடன் போனால் இன்னும் நல்லது.

யாரைக் கேட்கலாம்? அதிகாலையில் பேப்பர் போடுகிறவர், இரவுக் காவலாளி, துப்புரவுப் பணியாளர். இவர்களுக்குத் தெரியாத நாய் கிடையாது. நான் கடிபட்ட பிறகு காவலாளியிடம் போய்ச் சொன்னபோது, "தம்பி, அது குட்டி போட்டிருக்கே, அந்தப் பக்கம் ஏன் போனீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். முதல் நாளே அவரிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்று இடங்களை முழுதாகத் தவிர்த்துவிடுங்கள், சுற்றுப்பாதையானாலும் பரவாயில்லை. ஒன்று, குட்டிகளோடு தாய் இருக்கும் இடம். குட்டிகள் பால் மறக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 2 மாதம், தாய் யாரையும் நம்பாது. இரண்டு, நாய்கள் தின்றுகொண்டிருக்கும் இடம். மூன்று, ஒரு பெட்டை நாயின் பின்னால் பல ஆண் நாய்கள் திரியும் நேரம். அப்போது அவற்றுக்குள்ளேயே சண்டை மூண்டு, நடுவில் போகிறவர் மேலும் பல் படும். என் கதை முதல் வகை. போனில் பேசிக்கொண்டே, நிறுத்தியிருந்த ஒரு லாரியை ஒட்டி நடந்தேன். "சும்மா போனவனைக் கடித்துவிட்டது" என்று எல்லோரிடமும் சொன்னேன். பகலில் போய்ப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நாலு குட்டிகள்.

2. வாலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி எந்த நாயின் அருகிலும் போக வேண்டாம். குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென அமைதியாகி, உடம்பை விறைத்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கிறது என்றால் அது இன்னும் ஆபத்து. முதுகுமயிர் சிலிர்த்திருக்கும், உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், உதடு மேலேறிப் பல் தெரியும். வால் ஆடினால் நட்பு என்று பொருளில்லை. உயரத் தூக்கிய வால் விறைப்பாக, சின்னச் சின்ன அசைவாக ஆடினால் அது எச்சரிக்கை. உடம்பே தளர்ந்து இடுப்போடு சேர்த்து ஆடினால்தான் நட்பு.

பயந்த நாயும் கடிக்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறோம். வாலைக் கால்களுக்கு இடையில் செருகி, காதைப் பின்னால் மடக்கி, உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பும். அதற்குத் தப்பியோட வழி இருக்க வேண்டும். சுவர் மூலையிலோ வண்டிக்கு அடியிலோ ஒடுங்கிய நாயை நெருங்காதீர்கள், உதவி செய்யத்தான் என்றாலும்.

3. எதிரே வந்து நின்றால்

ஓடக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், அந்த நேரத்தில் எல்லோரும் ஓடுகிறோம். நாயின் ஓட்டத்தை மனிதரால் மிஞ்ச முடியாது; ஓடினால் துரத்தும் உணர்ச்சி அதற்கு இன்னும் கிளம்பும்.

நில்லுங்கள். கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். நாயின் கண்ணை நேராகப் பார்க்காமல் அதன் கால் பக்கமாகப் பார்வையைத் தாழ்த்துங்கள், ஆனால் முதுகைக் காட்டாதீர்கள். கையில் பை, குடை, சட்டை எது இருந்தாலும் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். பெரும்பாலும் அது முகர்ந்துவிட்டு ஆர்வம் இழந்து நிற்கும். அப்புறம் பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக விலகி, அதன் எல்லைக்கு வெளியே வாருங்கள். பல நாய்கள் சூழ்ந்தால் சுவரையோ நிற்கிற காரையோ முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வருகிற நாய்தான் பெரும்பாலும் கடிக்கும்.

கல் எடுப்பதுபோலக் குனிந்தால் பல நாய்கள் விலகும், உண்மைதான். ஆனால் உண்மையிலேயே எறியாதீர்கள். இன்று அடிபட்ட நாய் நாளை உங்களை மட்டும் தேடித் துரத்தும், அல்லது உங்கள் பின்னால் வரும் பள்ளிப்பிள்ளை மேல் பாயும். பிஸ்கட் போட்டுச் சமாதானம் செய்வதும் வம்புதான். ஒரு நாய்க்குப் போட்டால் நாலு வரும், அவை உங்கள் காலடியிலேயே சண்டை போடும்.

பாய்ந்து கவ்விவிட்டால் பையையோ செருப்பையோ அதன் வாயில் கொடுத்துவிடுங்கள். காலை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, முகத்தைத் தரைப்பக்கம் திருப்பி, விரல்களைக் கழுத்துக்குப் பின்னால் கோத்து, முழங்கைகளால் காதை மூடிக்கொள்ளுங்கள்.

4. வண்டியில் போகிறவர்களுக்கு

இருசக்கர வண்டியில் நாய்க்கடியைவிட விழுந்து அடிபடுவதுதான் பெரிய அபாயம். நாய் துரத்தும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், காலைத் தூக்கி உதைக்காதீர்கள். தூரத்தில் பார்த்த உடனேயே மெதுவாக்கி, சீரான வேகத்தில் கடந்துவிடுங்கள். சுற்றுகிற சக்கரமும் நகர்கிற காலும்தான் அவற்றை இழுக்கின்றன. அப்படியும் விடாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் துரத்தல் அங்கேயே நின்றுவிடும். சைக்கிள் என்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள்.

5. கடிபடும் முன்பே முடித்து வைக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மதியம் ஒதுக்கினால் போதும்.

முதலில், உங்கள் வீட்டுக்கு அருகே ரேபிஸ் தடுப்பூசி எங்கே கிடைக்கும், சீரம் எங்கே கிடைக்கும் என்று போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள். இரண்டும் வேறு வேறு. தடுப்பூசி பல இடங்களில் கிடைக்கும். சீரம் சில பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும், அங்கும் சில நாள் தீர்ந்துபோகும். இரவு 11 மணிக்கும் போடுவார்களா, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறதா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

செலவை முன்கூட்டியே கணக்குப் போடலாம். தடுப்பூசிக்கு ஒரு ஊசியின் விலையை எத்தனை தவணையோ அதனால் பெருக்குங்கள். சீரத்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது: மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 60 கிலோ எடையுள்ளவருக்கு முறையே 1,200, 2,400 யூனிட். இது உச்ச அளவு. சிறு காயத்துக்கு இதில் கொஞ்சம்தான் தேவைப்படலாம். மனிதச் சீரம் விலை அதிகம், குதிரைச் சீரம் குறைவு. "எது இருக்கிறது, ஒரு குப்பியில் எத்தனை யூனிட்" என்று கேட்டால் தொகை தெரிந்துவிடும். சில இடங்களில் சீரத்துக்குப் பதிலாக மோனோகுளோனல் ஆன்டிபாடி வைத்திருப்பார்கள், அந்த வேலையைத்தான் அதுவும் செய்யும்.

இன்னொரு வழி, கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு தவணை போதும் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). இதன் பெரிய லாபம், பின்னால் கடிபட்டால் சீரமே தேவையில்லை. 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு தவணை தடுப்பூசி போட்டால் முடிந்தது. இரவு வேலை முடிந்து தினமும் நாய்களைக் கடந்து வருகிறவர்கள், நாய்களுக்கு உணவு வைக்கிறவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு. நாய் கீறினால், நக்கினால், கடித்தால் திட்டு விழாது, உடனே வந்து சொல்ல வேண்டும். பயந்து மறைத்துவிடும் பிள்ளைகள்தான் சிகிச்சையில்லாமல் போகிறார்கள். உயரம் குறைவு என்பதால் முகத்திலும் தலையிலும் கடிபடுவதும் அவர்கள்தான்.

6. கடித்துவிட்டால்: முதல் 15 நிமிடம்

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். நான் இரண்டு நிமிடம் கழுவிவிட்டு "போதும்" என்று கிளம்பினேன், அது தவறு. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. உலகத்தில் எந்த மருந்தும் இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்வதில்லை. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவுங்கள்.

இறுக்கிக் கட்டு போடக் கூடாது. பொடி, பச்சிலைச் சாறு, எண்ணெய், மை எதையும் அப்பக் கூடாது. ரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுவி முடித்த பிறகு காயத்தைப் போட்டோ எடுங்கள். கடித்த நேரம், இடம், நாயின் நிறம், அடையாளம் ஆகியவற்றைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மருத்துவமனை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

7. மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பு ரேபிஸ் ஊசி போட்டிருந்தால் அதன் அட்டை, உங்கள் உடல் எடை. கர்ப்பமாக இருந்தாலோ நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிக்கும் இந்த ஊசி போடலாம், தயங்க வேண்டாம்.

காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். தோல் கிழியாத இடத்தில் நாய் நக்கியது முதல் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத சிறு கீறல், லேசான கவ்வல் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாய், கண் போன்ற ஈரப்பகுதியிலோ எச்சில் பட்டது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். என் காயம் மூன்றாம் வகை. முதல் கிளினிக்கில் அதை யாரும் சொல்லவில்லை. நீங்களே கேளுங்கள்: "இது எந்த வகை? சீரம் வேண்டுமா?"

தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு தானாக எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியைத்தான் சீரம் காக்கிறது. அதனால் அது காயத்துக்குள்ளும் சுற்றியும் இறங்க வேண்டும். முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவதே சரி. அன்று கிடைக்காவிட்டால், அந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம், அதற்குமேல் பயனில்லை. எனக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. சீரம் இல்லை என்பதற்காக முதல் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

தையலும் ஒரு சிக்கல். முடிந்தவரை கடிகாயத்தைத் தைக்கக் கூடாது; தைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் சீரம், பிறகு தளர்வாகத் தையல். எனக்கு வரிசை மாறிப்போனது. தைத்த காயத்தைச் சுற்றி ஊசி இறங்கிய வலியை இன்னும் மறக்கவில்லை.

தடுப்பூசி மேற்கையில்தான் போட வேண்டும், சின்னக் குழந்தைக்குத் தொடையில். புட்டத்தில் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கே போட்டால் பலன் குறையும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னால் ஐஸ் பையோடு கொண்டுவாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது.

8. தேதியும் அட்டையும்

எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. அட்டையில் 0, 3, 7, 14, 28 என்று இருக்கும். 0 என்பது கடித்த நாள் இல்லை, முதல் ஊசி போட்ட நாள். 1-ஆம் தேதி முதல் ஊசி என்றால் அடுத்தவை 4, 8, 15, 29 ஆகிய தேதிகளில் வரும். தசையில் போடும் முறையில் 4 அல்லது 5 தவணை; தோலுக்குள் போடும் முறையில் கால அட்டவணை வேறு, 14-ஆம் நாள் கிடையாது. எந்த முறை என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

அட்டையை வாங்கிய உடனே இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. அட்டை தொலைந்து, வேறு மருத்துவமனையில் மூன்றாம் தவணைக்குப் போனபோது "முதலிலிருந்து போடணும்" என்றார்கள். பழைய ரசீதுகளைத் தேடிக் காட்டிய பிறகுதான் தொடர்ந்து போட்டார்கள். ஒரு தவணை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதுதான் விதி, மறுபடி ஆரம்பிக்கத் தேவையில்லை. கடித்து வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் போய் ஊசி போட்டுக்கொள்ளலாம். நோயின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

9. கடித்த நாயை 10 நாள் பாருங்கள்

கடிக்கும்போதே அதன் எச்சிலில் ரேபிஸ் இருந்திருந்தால் அந்த நாய் 10 நாட்களுக்குள் நோய்ப்பட்டு இறந்துவிடும். 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் மீதித் தவணைகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த 10 நாளும் ஊசி போட்டுக்கொண்டேதான் பார்க்க வேண்டும், "பார்த்துவிட்டுப் போடலாம்" என்பது உயிரோடு விளையாட்டு. நாயை அடையாளம் தெரியவில்லை என்றால் எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள்.

தள்ளாடி நடப்பது, எச்சில் ஒழுகுவது, கீழ்த்தாடை தொங்குவது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிப்பது, அல்லது துள்ளிக்கொண்டிருந்த நாய் மூலையில் முடங்குவது எல்லாம் அபாயக் குறிகள். உடனே மருத்துவருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடாதீர்கள். பரிசோதனைக்கு மூளை சிதையாமல் வேண்டும்.

10. தெருவில் தொல்லை குறைய

நாய்களைப் பிடித்து எங்காவது தொலைவில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்று எங்கள் தெருவிலும் பேச்சு வந்தது. குப்பை அப்படியே இருந்தால் காலியான இடத்துக்குப் புது நாய்கள் வரும், அவை உங்களை அறியாதவை. பலன் தருவது, திறந்த குப்பையை மூடுவதும், இருக்கிற நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடுவதும்தான். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டுவந்தால் ரேபிஸ் பரவுவது அறுந்துபோகும். பல இடங்களில், கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். அதை வைத்து எத்தனை மீதி என்று எண்ணிவிடலாம்.

உணவு வைக்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் உதவி இல்லாமல் நாயைப் பிடிக்கவே முடியாது. வாசல், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தைச் சுத்தம் செய்யக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு எழுதும்போது "நாய்த்தொல்லை தாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது அடுக்கில் போய்விடும். எந்த இடம், எத்தனை நாய், எத்தனைக்குக் காதில் வெட்டு இல்லை, எந்த நேரத்தில் துரத்துகின்றன, கடிபட்டவர்களின் மருத்துவச் சீட்டு நகல், நாய்களின் போட்டோ, அக்கம்பக்கத்தாரின் கையெழுத்து என்று கொடுங்கள். பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். பிடிக்க வரும் நாளில் நாய்களுக்குப் பழக்கமான ஒருவர் கூட இருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாயைக் குட்டிகள் பால் மறந்த பிறகு பிடிக்கச் சொல்லுங்கள்.

என்னைக் கடித்த நாய்க்கு இப்போது காதில் வெட்டு இருக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும் என்பதால், அடுத்த தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வைத்திருக்கிறேன், காவலாளியின் போனிலும்.